கப்பல் மீட்பு வேறு, புதையல் வேட்டை வேறு

கடலில் மூழ்கிய கப்பல் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? தங்கக் காசுகள் நிறைந்த பெட்டியும், அதைத் தேடிச் செல்லும் மூழ்காளர்களும்தானே? கதைகளும் திரைப்படங்களும் அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால், கப்பல் மீட்பையும் புதையல் வேட்டையையும் ஒன்றாக எண்ணுவது சரியன்று.

2021 மார்ச் 23ஆம் தேதி, 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' என்னும் சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே தரைதட்டி நின்றது. அதைச் சுற்றியிருந்த மணலையும் சேற்றையும் சுமார் 30,000 கன மீட்டர் அளவுக்குத் தோண்டி அகற்றினார்கள். பௌர்ணமியன்று சூரியன், சந்திரன் இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து கடல்மட்டத்தை மிகுதியாக உயர்த்தும் அல்லவா? அந்த ஓதத்தையும் பயன்படுத்தி, இழுவைக் கப்பல்களால் இழுத்தார்கள். 29ஆம் தேதி கப்பல் மிதந்தது.

இதுதான் மீட்புத் தொழில். பிறருடைய பொருளை ஆபத்திலிருந்து காத்து, அதற்குரிய ஊதியம் பெறுவது. 'மீட்காவிட்டால் ஊதியமில்லை' என்பது இதன் பழைய விதி. ஆனால், எண்ணெய்க் கப்பல் உடைந்துபோனால், கடலைக் காக்கப் பாடுபட்டவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டுமா? 1978இல் பிரான்ஸ் நாட்டுக் கரையருகே 'அமோகோ காடிஸ்' உடைந்து 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கொட்டியது. இத்தகைய விபத்துகளுக்குப் பின், மாசைத் தடுக்க முயன்றவருக்கும் ஈட்டுத்தொகை வழங்க 1989ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை வழி செய்தது.

இனிப் புதையல் வேட்டையைப் பாருங்கள். 1804இல் போரில் வெடித்து மூழ்கியது 'மெர்சிடிஸ்' என்னும் ஸ்பானியப் போர்க்கப்பல். 2007இல் ஓர் அமெரிக்க நிறுவனம் அதிலிருந்து ஏறத்தாழ 6 லட்சம் நாணயங்களை எடுத்துச் சென்றது. ஸ்பெயின் வழக்குத் தொடர்ந்தது. அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பின்படி 2012இல் அவை ஸ்பெயினுக்கே திரும்பின.

"நாங்கள் எடுக்காவிட்டால் அவை கடலடியிலேயே வீணாகக் கிடக்கும்" என்பார்கள் வேட்டைக்காரர்கள். நாணயம் எங்கும் ஓடிவிடாது. ஆனால் அது எந்த இடத்தில், எந்தப் பாத்திரத்தின் அருகே, எந்த மரப்பலகையின் கீழ் கிடந்தது என்னும் செய்தி ஒருமுறை கலைந்தால் திரும்பக் கிடைக்காது. 1628இல் மூழ்கிய 'வாசா' கப்பலை 1961இல் ஸ்வீடன் மேலே கொண்டுவந்தது. பொருள்களின் இடங்களைக் குறித்து வைத்து ஆராய்ந்ததால்தான், அக்காலக் கப்பலோட்டிகளின் உணவு, உடை, உடல்நிலை எல்லாம் இன்று தெரிகின்றன.

ஆகவே மாணவர்களே, கடலடியிலிருந்து எதையோ எடுத்தார்கள் என்று செய்தி வந்தால் அதன் விலையை மட்டும் பார்த்து வியக்காதீர்கள். எந்த ஆபத்திலிருந்து அதைக் காத்தார்கள், எடுத்தது எங்கே போகிறது என்று கேளுங்கள். மீட்பா, வேட்டையா என்பது அப்போது விளங்கிவிடும்.