தேரே திரும்புகிறது, விரல் திரும்பாதா?

'திருவாரூர்' என்று கம்ப்யூட்டரில் அடியுங்கள், பார்க்கலாம். டி, ஹெச், ஐ, ஆர், யு... என்று இங்கிலீஷில் எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டீர்களா? உங்களோடுதான் இன்றைக்குச் சண்டை.

அப்படி அடித்தால் 12 தட்டல். தமிழ்99 விசைப்பலகையில் த, இ, ர, உ, வ, ஆ, ர, ஊ, ர, கடைசியில் ஒரு புள்ளி. பத்தே தட்டல். இரண்டு தட்டல் மிச்சம் என்பதற்காக நான் வரிந்துகட்டவில்லை. அரசுப் பள்ளியில் அ, ஆ படித்துவிட்டு வருகிற பிள்ளையிடம், 'தமிழ் எழுதணுமா? முதலில் இங்கிலீஷ் ஸ்பெல்லிங் கத்துக்கிட்டு வா' என்கிறோமே, அது நியாயமா? தாய்மொழிக்குள் நுழைய அடுத்த வீட்டில் சாவி வாங்கணுமா?

இத்தனைக்கும் இது தீர்ந்துபோன வழக்கு. திருவாரூரில் படித்த கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அதில் பிறந்ததுதான் இந்த விசைப்பலகை. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலது கைக்கு. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. நான்கே தட்டல், நடுவில் வரும் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். நம் எழுத்தின் இலக்கணம் தெரிந்த பலகை அது!

'எங்க கம்ப்யூட்டர்ல அதெல்லாம் வராது சார்' என்பீர்கள். வரும். லினக்ஸில் காலணா செலவில்லை. உபுண்டுவில் ஐபஸ்-எம்17என் என்ற இலவசப் பொதியை நிறுவுங்கள். வெளியே போய் மறுபடி உள்ளே வாருங்கள். செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் தமிழ்99-ஐச் சேருங்கள். அப்புறம் விண்டோஸ் சாவியும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து ஒரு தட்டு: தமிழ். இன்னொரு தட்டு: இங்கிலீஷ். ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகாது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் பண்ணியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் விரலில் முப்பது வருஷப் பழக்கம் இருக்கிறது. பழைய தட்டச்சு முறையும் அதே பட்டியலில் உண்டு. தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். கோபமெல்லாம், 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்த பிறகும், ஒரு பீரியட் ஒதுக்கி விரல் வைக்கச் சொல்லித்தராத நம் அலட்சியத்தின் மேல்தான்.

'பழகிடுச்சு சார், இனிமே மாத்த முடியாது' என்கிறவர்கள் ஒரு தடவை ஆழித்தேர் பார்க்க வாருங்கள். 96 அடித் தேர். அதற்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போட்டுப் போட்டே நான்கு வீதி முனையிலும் திருப்புகிறார்கள். அங்கே முட்டுக்கட்டை தேரைத் திருப்ப. நீங்கள் போடுகிற முட்டுக்கட்டை?

தினம் கால் மணி நேரம் பழகுங்கள். முதலில் உங்கள் ஊர்ப் பெயரை அடியுங்கள். தமிழில்!