பாக்ஸ்கார்: எது சாகசம்?

நாகசாகியில் அணுகுண்டு போட்டுவிட்டு எரிபொருள் தீரும் தறுவாயில் ஒகினாவாவில் இறங்கிய பாக்ஸ்கார் விமானக் குழுவினரை 'விதியை வென்ற வீரர்கள்' என்று தன் கட்டுரையில் சொல்கிறார் நண்பர். எந்த விதி? 1945 ஆகஸ்ட் 9 அதிகாலை, டினியன் தீவிலிருந்து புறப்படும் முன்பே ஒரு பம்ப் வேலை செய்யவில்லை, இருப்புத் தொட்டியின் 640 காலன் எரிபொருளைத் தொட முடியாது என்று தெரியும். தெரிந்தே கிளம்பினார்கள். துணை விமானத்துக்காக 15 நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருக்க, விமானி சார்லஸ் ஸ்வீனி அரை மணிக்கும் மேல் வட்டமடித்தார். முதலில் குறிவைத்த கொக்குராவின் மேல் மூன்று முறை சுற்றியும் இலக்கு கண்ணில் படவில்லை. பிறகுதான் நாகசாகி. குண்டு குறியிலிருந்து ஏறக்குறைய 3 கி.மீ. தள்ளி, உராகாமிப் பள்ளத்தாக்கில் வெடித்தது.

ஒகினாவாவின் யொந்தான் ஓடுதளத்தில் ரேடியோவுக்குப் பதில் வராமல், எச்சரிக்கை ஒளிக்குண்டுகளைச் சுட்டபடி இறங்கியதில் திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நெருக்கடியில் பாதி அவர்களே இழுத்துவிட்டுக்கொண்டது. இதைச் சொல்வது நான் மட்டுமல்ல: ஹிரோஷிமா விமானியும் படைப்பிரிவின் தலைவருமான பால் திபெட்ஸே பின்னாளில் ஸ்வீனியைக் கடுமையாகக் குறை கூறினார்.

நண்பரின் கட்டுரையில் உராகாமி என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. விமானத்தில் இருந்தவர்கள் அனைவரும் உயிரோடு திரும்பினார்கள்.