விடுதி வைஃபையும் எகிறும் பிங்கும்

கல்லூரி விடுதியில் ஆன்லைன் விளையாட்டு தடுமாறும்போது பழி இணைய வேகத்தின் மேல் விழுகிறது. ஆனால் வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்ற விளையாட்டுகள் ஓடும்போது இழுக்கும் தரவு, ஒரு யூடியூப் காணொளி இழுப்பதைவிட மிகக் குறைவு. சுட்ட செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்தான் முக்கியம். மாணவர்கள் பேச்சில் அதன் பெயர் பிங். அளவு மில்லி விநாடி.

அதில் ஒரு பங்கு தூரத்துக்குரியது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். ஆரல்வாய்மொழி வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்து மும்பைக்குக் கேபிள் வழி 2,000 கி.மீ. என்று கொண்டால், போய்வர 20 மில்லி விநாடி. சென்னை போய்க் கடலடிக் கேபிளில் சிங்கப்பூரை எட்டினால் ஏறத்தாழ 40. எவ்வளவு பணம் கட்டினாலும் இதற்குக் கீழே இறங்காது. ஆகவே மும்பை சர்வர் இருக்கும் விளையாட்டில் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மீதித் தாமதம் விடுதிக்குள் பிறப்பது. கணினியிலிருந்து விடுதி ரவுட்டருக்கே பிங் கட்டளை கொடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். 3, 4, 180, 5 என்று எண்கள் குதித்தால் கோளாறு வைஃபையில். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. ஒரு சேனலில் ஒரு சமயத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். சிக்னல் போதவில்லை என்று அறைக்கு அறை ஹாட்ஸ்பாட் போட்டால் நெரிசல் கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் மேலானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். இவற்றையெல்லாம்விட லேன் கேபிளே சிறந்தது; 100 மீட்டர் வரை தாங்கும்.

ரவுட்டர் வரை எண் நிலையாக இருந்து, வெளியே போனதும் எகிறினால் காரணம் வரிசை. ஆரல்வாய்மொழிக் கணவாய்ச் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிய பைக்கின் கதிதான் அது. 10 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள இணைப்பில் யாரோ ஏற்றும் காணொளியின் 1 எம்பி வரிசையில் நின்றால், அடுத்து வரும் சிறு செய்தி 0.8 விநாடி காத்திருக்கும். அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். இந்தக் கோளாற்றுக்கு ஜிம் கெட்டிஸ் 2010இல் பஃபர்புளோட் என்று பெயரிட்டார். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் கோடெல் என்ற தீர்வைத் தந்தார்கள். அதன் வழிவந்த எஃப்க்யூ-கோடெல் லினக்ஸ் ரவுட்டர்களில் இலவசமாகவே கிடைக்கிறது. இணைப்பின் உண்மை வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வைத்து அதை இயக்கினால், வரிசை கட்டுப்பாட்டுக்குள் வரும். பெரிய டவுன்லோடும் சிறு செய்தியும் மாறி மாறிப் போகும்.

ஃபயர்வால் தடை வேறு விஷயம். பெரும்பாலான விளையாட்டுகள் யுடிபி வழியில் பேசுகின்றன. அதை மொத்தமாக அடைத்தால் எந்தச் சீரமைப்பும் உதவாது. தடையைத் தாண்ட விபிஎன் போட்டால், அது பெரும்பாலும் பாதையை நீட்டிவிடும், விடுதி விதியையும் மீறும். 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரித்திருக்கிறது. எதைத் தடுப்பது, எதை விடுவது என்பதில் விடுதி நிர்வாகமும் அதே கோட்டைப் போடலாம்.

வரிசைக் கட்டுப்பாடு மாணவர் கையில் இல்லை. விடுதி நிர்வாகங்கள் கூடுதல் எம்பிபிஎஸ் வாங்குமுன் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆன்லைன் வகுப்பும் வேலைக்கான வீடியோ நேர்காணலும் ஓடுவது இதே வலையமைப்பில்தான்.