இரைச்சலை அடக்கும் ஹெட்போன்: எதை வாங்குவது?



கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் சென்னையிலுள்ள கல்லூரிக்கு நாள்தோறும் மின்சார ரயிலில் சென்று திரும்புகிறாள். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. பாட விரிவுரைகளையும் கிராஅத்தையும் செல்பேசியில் கேட்டவாறே பயணம் செய்வது அவள் வழக்கம். "ரயில் ஓசையில் ஒன்றும் விளங்கவில்லை, இரைச்சலை அடக்கும் ஹெட்போன் வேண்டும் என்கிறாள். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் எங்களால் இயலாது. இது தேவைதானா, அல்லது ஆடம்பரமா?" என்று கேட்கிறார்.

சகோதரியே, ஆடம்பரமன்று. ஆயினும் எதற்காகத் தேவை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார்.

உலக சுகாதார அமைப்பு ஒரு கணக்கு வகுத்துள்ளது. வளர்ந்தவர் ஒருவர் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒலியை 90 டெசிபலாக உயர்த்தினால் அந்த 40 மணி நேரம் வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. உங்கள் மகளின் பயணத்தைக் கணக்கிடுங்கள். நாளொன்றுக்கு இரண்டரை மணி வீதம் ஆறு நாட்களுக்குப் பதினைந்து மணி நேரம். சன்னல்கள் திறந்திருக்கும் பெட்டியில் சக்கரங்களின் உறுமலையும் மீறிக் கேட்க வேண்டுமென்று அவள் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு வாரத்துக்குரிய அளவு செவ்வாய்க்கிழமை மாலைக்குள் தீர்ந்துவிடும். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. நோவு தெரியாமலே நிகழும் இழப்பு இது. இருபது வயதில் தொடங்கி நாற்பதில்தான் வெளிப்படும். வெளியிரைச்சல் குறைந்தால் ஒலியைக் கூட்டும் தேவையும் குறையும். இக்கருவியின் உண்மையான பயன் அதுதான்.

இது எவ்வாறு வேலை செய்கிறது? மாமல்லபுரக் கடலில் எழும் ஓர் அலையின் மேட்டின்மீது அதே அளவுள்ள பள்ளம் ஒன்றைப் பொருத்த முடிந்தால் நீர் சமமாகிவிடும் அல்லவா? ஒலியும் அலையே. கருவியிலுள்ள சிறு மைக் வெளியோசையைப் பிடிக்கிறது. உள்ளிருக்கும் சில்லு அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கிக் காதுக்குள் அனுப்புகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஜெர்மானியரான பால் லூயக் என்பவர் இந்தக் கருத்துக்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். அதைத் தலையில் அணியும் பொருளாக்கிப் புகழ்பெற்றவர் அமர் போஸ். அவர் தந்தை வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற விடுதலைப் போராட்ட வீரர். 1978-இல் ஜூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்தில், கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் ஓசையைத் தவிர வேறொன்றும் சரியாகக் கேட்காததால், அங்கேயே தாளெடுத்துக் கணக்கிடத் தொடங்கினார். 1989-இல் விமானிகளுக்கும், 2000-இல் பொதுமக்களுக்கும் அவருடைய நிறுவனம் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று செல்வந்தர்க்கே எட்டிய பொருள் இன்று இரண்டாயிரம் ரூபாய் அளவிலும் கிடைக்கிறது.

ஆயினும் இது எல்லா ஓசையையும் அழிக்கும் மாயமன்று. நீண்டு ஒலிக்கும் தாழ்ந்த ஓசைகளே இதற்கு வசப்படும்: ரயிலின் உறுமல், பேருந்து எஞ்சின், ஏசி, மின்விசிறி. ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன், சுண்டல் விற்பவரின் குரல், எதிர் இருக்கையின் குடும்பக் கதை முதலியவை பெரும்பாலும் உள்ளே வந்தே தீரும். அவற்றைத் தடுப்பது மின்சுற்று அன்று, காதை அடைக்கும் சிலிக்கான் முனைதான். பெட்டியில் மூன்று அளவுகளில் முனைகள் தருகிறார்கள். நம்மவர்கள் நடு அளவை மாட்டிக்கொண்டு மற்றதை மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். முனை சரியாகப் பொருந்தாவிட்டால் ஐயாயிரம் ரூபாய்க் கருவியும் ஐந்நூறு ரூபாய்க் கருவிதான்.

இனி முக்காடு அணியும் நம் பெண்மக்களுக்கு. தலையைச் சுற்றி வரும் பெரிய ஹெட்போனைத் துணியின் மேல் வைத்தால் மெத்தை காதோடு படியாது. இடைவெளி வழியே இரைச்சல் நுழைந்துவிடும். கொடுத்த பணத்தில் பாதி வீண். ஆகவே காதுக்குள் செருகும் இயர்பட்ஸே ஏற்றது. அதிலும் ஒரு தொல்லை உண்டு. வெளிப்புற மைக்கைத் துணி உரசினால் சரசரவென்று கேட்கும். தொடு விசையில் துணி பட்டுப் பாட்டு தானே மாறும், அழைப்பு துண்டிக்கப்படும். நிறுவனத்தின் செயலியில் தொடு விசையை நிறுத்திவைக்கும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆண்பிள்ளைகள் பெரிய ஹெட்போனையே விரும்புகிறார்கள். மின்கலம் நெடுநேரம் தாங்கும், தொலைந்தும் போகாது. சோனியின் சி.எச்.720என் 192 கிராம் எடைதான். இரைச்சலை அடக்கியபடியே 35 மணி நேரம் ஓடும் என்கிறது நிறுவனம். ஆனால் விலை மூவாயிரத்துக்கு வெகு தொலைவில் இருக்கிறது. மேலும், செங்கல்பட்டு மாவட்டத்து வெயிலில் சித்திரை மாதம் இரண்டு காதுகளையும் மெத்தையால் மூடிக்கொண்டு நிற்பவரைப் பார்க்க எனக்கு இரக்கமே வருகிறது.

கடையில் ஏமாறாமலிருக்க ஒன்றைக் கவனியுங்கள். பல மலிவுப் பெட்டிகளின் மேல் 'ஈ.என்.சி.' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது நீங்கள் பேசும்போது எதிர்முனையில் உள்ளவருக்கு இரைச்சல் போகாமல் தடுப்பது. உங்கள் காதுக்கு அதனால் எப்பயனும் இல்லை. நமக்கு வேண்டியது 'ஏ.என்.சி.' ஓர் எழுத்து வேறுபாட்டில் எத்தனையோ பேர் ஏமாந்து வருகிறார்கள். 'நாய்ஸ்' என்ற பெயரிலேயே ஓர் இந்திய நிறுவனமும் இருக்கிறது; பெட்டியில் அச்சொல்லைக் கண்டதும் இரைச்சல் அடங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். '40 டெசிபல் வரை' என்பது ஏதேனும் ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு. எல்லா ஓசைக்கும் அதுவன்று.

சோதிக்கும் முறை எளிது. பாட்டு எதுவும் போடாமல் காதில் மாட்டிக்கொண்டு, கடையின் மின்விசிறியின் கீழோ ஏசியின் அருகிலோ நின்று, அவ்வசதியை இயக்கியும் நிறுத்தியும் பாருங்கள். உறுமல் சட்டென விலகினால் நல்லது. வேறுபாடே தெரியாவிட்டாலும், காதுக்குள் 'உஸ்' என்ற ஒலி மிகுந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடற்கரை நிலையத்துக்கு எதிரே பர்மா பஜாரிலோ, ரிச்சி தெருவிலோ பெரிய நிறுவனத்தின் பெயர் பொறித்த பொருள் எண்ணூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது போலி என்றே கொள்ளுங்கள். பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

சகோதரி கேட்ட தொகைக்குள், இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் வரை, ஒன்பிளஸ் நார்ட், ரியல்மி, சி.எம்.எஃப். ஆகிய பெயர்களில் ஏ.என்.சி. உள்ள இயர்பட்ஸ் வருகின்றன. மாதத்துக்கொரு மாதிரி மாறுவதால் இன்னதுதான் என்று நான் எழுதப்போவதில்லை. மேற்சொன்ன சோதனையில் தேறுவதை வாங்குங்கள். ஆயிரத்துக்குக் கீழே இவ்வசதி இருப்பதாகச் சொல்வதை நம்புவதைவிட, நல்ல சிலிக்கான் முனையுள்ள கம்பி இயர்போனை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்குவது மேல். சக்கர உறுமல் சிறிது கேட்கும், பேச்சும் ஹாரனும் நன்றாகவே குறையும், மின்னேற்றமும் தேவையில்லை. இயர்பட்ஸின் மின்கலமோ இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதை மாற்றவும் வழியில்லை. 2025 ஏப்ரல் முதல் கடற்கரை–செங்கல்பட்டுத் தடத்தில் ஓடும் குளிர்சாதன ரயிலில் கதவும் சன்னலும் மூடியிருப்பதால் ஓசை குறைவு. ஆனால் அதன் கட்டணம் அதிகம்.

எதை வாங்கினாலும் செல்பேசியின் ஒலியளவை 60 விழுக்காட்டுக்கு மேல் கூட்ட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். ரயில் நிலையத்தில் இறங்கியதும் கருவி பெட்டிக்குள் போய்விட வேண்டும். தண்டவாளத்தைக் கடக்கும்போதும், மாலை இருட்டில் தெருவில் தனியே நடக்கும்போதும் காது திறந்திருப்பதே பாதுகாப்பு. ஒருவர் காதில் போட்டதை மற்றவர் போடுவதும் கூடாது. முனைகளை வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்து உலரவிடுங்கள்.

கழற்றிய பின்னும் காதில் ரீங்காரம் கேட்கிறது என்றோ, வகுப்பில் ஆசிரியர் சொல்வது மங்கலாகக் கேட்கிறது என்றோ அவள் ஒருநாள் சொன்னால், புதுக்கருவி தேடாமல் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. கூடுவாஞ்சேரியிலிருந்து அதே ரயிலில், எதிர்த்திசையில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.