பத்தனைக் கல்லூரியும் மிசிசிப்பி வழக்கும்

றொசல்லயிலிருந்து ஹட்டனுக்குப் போகும் காலை பஸ்ஸில், சுருட்டிய பிரிஸ்டல் போர்டும் பிள்ளைகளின் கொப்பிக் கட்டுமாக டீச்சர்மார் ஏறுவார்கள். தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்நேரம் அம்மா படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போயிருப்பார். கொழுந்து நிறை குறைந்தால் அம்மாவுக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். மகளின் சம்பளத்தை மழையும் தொடாது, தராசும் தொடாது. அதைக் காட்டித்தான் பேங்கில் கடன் எடுக்கிறார்கள். தம்பியை உயர்தரம் படிக்க டவுனுக்கு அனுப்புகிறார்கள்.

இப்படியான ஆசிரியர்களை உருவாக்கவென்றே ஜேர்மன் உதவியோடு எழுந்தது பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. அரச கல்லூரியில் ஒரு சமூகத்துக்கு ஏன் முன்னுரிமை, எல்லோருக்கும் பொதுவாக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி போலத்தான் தெரியும், கணக்கை நேற்றிலிருந்து தொடங்கினால். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலை துரைமாரின் தயவிலேயே கிடந்தது. 1948இல் தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமையும் பறிபோனது. அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலமும் இதே பேச்சைப் பேசியது. கறுப்பினத்தவருக்கென இருந்த மூன்று அரச கல்லூரிகளைப் பட்டினி போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று 1975இல் ஜேக் ஏயர்ஸ் என்ற தகப்பன் வழக்குப் போட்டார். எல்லாக் கல்லூரி வாசலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டோமே என்றது மாநிலம். அது மட்டும் போதாது என்று 1992இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீண்ட இழுபறிக்குப் பிறகு மாநிலம் ஒத்துக்கொண்ட தொகை சுமார் 50 கோடி டொலர். தர்மக் காசு இல்லை அது. அமெரிக்காவில் இத்தகைய கல்லூரிகளால் பொருளாதாரத்துக்கு ஆண்டுதோறும் 1,480 கோடி டொலர் சேர்வதாக 2017இல் ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதியம் கணக்கிட்டது.

நம் நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பின்தங்கிய மாவட்டம் என்ற சலுகையும் நுவரெலியாவுக்கு உண்டு. ஆனால் அது மாவட்டத்துக்கு. டவுன் பாடசாலைப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும், ஆய்வுகூடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஆகவே பத்தனையைப் பொதுவில் கரைக்கும் பேச்சை விட்டு, அங்கே விஞ்ஞான, கணித ஆசிரியர்களுக்கான இடங்களைக் கூட்ட வேண்டும். காலை பஸ்ஸில் அந்தப் பாடங்கள் படிப்பிக்கும் டீச்சர்மாரைத் தேடிப் பார்த்தால் விஷயம் விளங்கும்.