ஆள் இருக்கு, ஆனா கையில இல்ல: கிங்மேக்கர்ல என் ராஜ்ஜியம் கவிழ்ந்த கதை

போன வாரம் வீடியோவுல எனக்குப் பின்னாடி இருந்த மானிட்டர்ல ஒரு மேப் தெரிஞ்சுது. அது என்ன கேம்னு சில பேர் கேட்டிருந்தீங்க. மியூச்சுவல் ஃபண்ட் பத்திப் பேசுற ஆள் ராத்திரி உட்கார்ந்து கேம் ஆடுவாரான்னும் ஒருத்தர் கேட்டிருந்தார். ஆடுவேங்க. அந்தக் கேம் பேரு பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர். 2018 செப்டம்பர்ல வந்தது. ஆவுல்கேட் கேம்ஸ் பண்ண முதல் கேம். ஒரு சேல்ல பிரியாணி விலைக்கு வாங்கினேன். சுமார் 70 மணி நேரம் ஆடின பிறகு என் ராஜ்ஜியம் கவிழ்ந்து, ஆட்டம் முடிஞ்சதுன்னு திரையில வந்துச்சு. அன்னைக்கு வந்த கோபத்துல எழுத நினைச்சதை இப்போ கொஞ்சம் நிதானமா எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஸ்டோலன் லேண்ட்ஸ்னு யாருக்கும் அடங்காத ஒரு பூமி. அங்க ஸ்டேக் லார்டுன்னு ஒரு கொள்ளைக்காரன். அவனை மூணு மாசத்துக்குள்ள ஒழிச்சா அந்த நிலத்துக்கு நீங்கதான் பேரன், அதாவது குறுநில மன்னர். இது வரைக்கும் சாதாரண ஆர்பிஜி தான். நாலஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு காடு மேடெல்லாம் சுத்தி சண்டை போடுறது. ஆரம்பத்துலயே ஒரு குகையில சிலந்திக் கூட்டம் வரும், வாள் வேல் எதுவும் அதுகிட்ட எடுபடாது. கேம் வந்த புதுசுல அதுக்கே பல பேர் கத்தினாங்க. எனக்கு அது பெரிய விஷயமா படல. தீப்பந்தம் எடுத்தா வேலை முடிஞ்சது. எனக்குப் பிரச்னை, கிரீடம் தலைக்கு வந்த பிறகுதான்.

ராஜ்ஜியத்தை நடத்த காசு தனி. நீங்க சண்டையில சம்பாதிக்கிற தங்கம் வேற, ராஜ்ஜியத்துக்கான பில்ட் பாயின்ட் வேற. பில்ட் பாயின்ட் வாரா வாரம் வரும். கட்டடம், புதுப் பகுதியைச் சேர்க்கிறது, பெரிய திட்டங்கள் எல்லாத்துக்கும் அதுதான் செலவு. தங்கத்தைக் கொடுத்து பில்ட் பாயின்ட் வாங்கிக்கலாம். புது வாள் வாங்குறதா, ஊருக்குச் சுவர் கட்டுறதான்னு அங்கயே மண்டை காயும். ராணுவம், பொருளாதாரம், விசுவாசம், கலாசாரம், உளவுன்னு மொத்தம் 10 துறை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆலோசகர். உங்ககூடச் சண்டைக்கு வர்றவங்கள்லயே பலரை இந்த வேலைகள்ல வைக்கலாம். என் கஜானாவைப் பாத்துக்கிட்டது ஜூபிலோஸ்ட்னு ஒரு குட்டையான நோம். வாயைத் திறந்தா திட்டு தான், ஆனா கணக்குல புலி. நம்ம எல்லார் ஆபீஸ்லயும் அக்கவுண்ட்ஸ்ல இப்படி ஒருத்தர் இருப்பார்.

இப்போ கொடுமைக்கு வர்றேன். பிரச்னைகளும் வாய்ப்புகளும் கார்டு கார்டா வரும். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஆலோசகரை அனுப்பணும். அனுப்பினா அவர் அந்த வேலை முடியுற வரைக்கும், பல சமயம் ரெண்டு வாரம் அதுக்கும் மேல, வேற எதுக்கும் கிடைக்க மாட்டார். நடுவுல திருப்பிக் கூப்பிட முடியாது. பிரச்னைக் கார்டுக்கோ கெடு உண்டு. கெடு முடிஞ்சா அது தோல்வி. தோத்தா அந்தத் துறையோட எண் குறையும். எண்கள் குறையக் குறைய மக்களோட அமைதி போகும். கலக்கம், கலவரம், கடைசியில சிதைவு.

நான் என்ன பண்ணேன்? ஒரு நல்ல வாய்ப்புக் கார்டு வந்துச்சு. தளபதியா இருந்த அமிரியை அதுக்கு அனுப்பினேன். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளை வேலைக்கு அனுப்புறது தப்பா? நம்ம சேனல்லயே "சும்மா கிடக்கிற காசு அழுகுற காசு"ன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அவளை அனுப்பின கொஞ்ச நாள்ல எல்லையில அரக்கர் தொல்லைன்னு ஒரு பிரச்னைக் கார்டு. அதுக்கும் தளபதி தான் வேணும். ஆள் இருக்கா? இருக்கா. கையில இருக்காளா? இல்ல. அவ திரும்பி வர்றதுக்குள்ள கெடு முடிஞ்சுது.

அது ஒண்ணே என்னைக் கவிழ்க்கல. ஒரு துறையை அடுத்த நிலைக்கு உயர்த்தணும்னா மன்னரான நீங்க அரண்மனையில 14 நாள் உட்காரணும். பட்டனைத் தட்டினா 14 நாள் ஒரே தாவா தாவிடும். அந்த 14 நாள்ல மத்த கார்டுகளோட கெடு முடிஞ்சா கேமுக்குக் கவலை இல்ல. புதுப் பகுதியைச் சேர்க்கவும் இதே மாதிரி 14 நாள். இதுக்கெல்லாம் மேல கதையோட சாபம் ஒண்ணு, குறிச்ச நாள்ல வந்து நிக்கும். அதுக்கு முன்னாடி இவ்வளவு வேலையை முடிச்சிருக்கணும். நான் ஊர் ஊரா சுத்தி ஒரு கிழவிக்குக் காணாமப் போன சாமானைத் தேடிக்கிட்டு இருந்தப்போ நாட்டுல நாள் ஓடிக்கிட்டே இருந்திருக்கு.

எனக்கு உண்மையிலயே ஆத்திரம் வந்த இடம் தோத்தது இல்லீங்க. நான் தோத்துட்டேன்னு எனக்குத் தெரிஞ்சப்போ, தோக்க ஆரம்பிச்ச இடம் 20 மணி நேரம் பின்னாடி இருந்துச்சு. பழைய சேவ் ஃபைல் ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன். எல்லாத்துலயும் ராஜ்ஜியம் ஏற்கெனவே செத்துப் போய், நடமாடிக்கிட்டு மட்டும் இருந்துச்சு. சண்டையில தோத்தா அஞ்சு நிமிஷத்துல தெரியும், திரும்பப் போடலாம். இதுல நோய் ஒரு மாசம், அறிகுறி மறு வருஷம்.

இந்த இடத்துல கேம் பத்தின பேச்சை ஒரு நிமிஷம் நிறுத்தி வேற ஒண்ணு சொல்லணும். இதை வீடியோவுல இதுவரைக்கும் சொன்னதில்ல.

வேலைக்குச் சேர்ந்த மூணாவது வருஷம், அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஸ்டென்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல அப்பா அம்மாவைச் சேர்க்கிற ஆப்ஷனை "பிரீமியம் தண்டம்"னு நான் தான் எடுக்காம விட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில முன்பணம் கட்டச் சொன்னாங்க. என் பேர்ல அப்போ ஈஎல்எஸ்எஸ் ஃபண்ட்ல 3 லட்சத்துக்கு மேல இருந்துச்சு. வரி சேமிக்கிற 5 வருஷ எஃப்டி 1 லட்சம். பிபிஎஃப்ல கொஞ்சம். சேவிங்ஸ் அக்கவுண்ட்ல 41,000. போனை எடுத்து ஆப்பைத் திறந்து பாத்தா பச்சைக் கலர்ல லாபம் மின்னுது, ஆனா எடுக்க முடியாது. ஈஎல்எஸ்எஸ்ல ஒவ்வொரு எஸ்ஐபி தவணைக்கும் தனித்தனியா 3 வருஷப் பூட்டு. முதல் தவணைக்கே இன்னும் நாலு மாசம் பாக்கி. அந்த எஃப்டியை நடுவுல உடைக்கவே முடியாது.

அம்மா வராண்டாவுல உட்கார்ந்துகிட்டு, "நீதான் மாசாமாசம் சேர்த்து வைக்கிறியே தம்பி"ன்னு கேட்டாங்க. குத்திக் காட்டணும்னு இல்ல. நிஜமாவே புரியாம தான் கேட்டாங்க. மாமா 1 லட்சம் கொடுத்தார். மிச்சத்துக்கு பெர்சனல் லோன். அப்பா நல்லா இருக்கார், அது போதும். ஆனா அமிரி இல்லாத அந்த கார்டு முன்னாடி நான் உட்கார்ந்திருந்தப்போ எனக்கு அந்த வராண்டா தான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு இடத்துலயும் நான் ஏழை இல்ல. ரெண்டு இடத்துலயும் எல்லாத்தையும் எங்கயோ அனுப்பி வச்சிருந்தேன்.

சரி, கேமுக்கு வர்றேன். இந்தக் கேமுக்கு ஒரு அண்ணன் கூட்டம் உண்டு. "இதெல்லாம் கஷ்டமா? திட்டம் போடத் தெரியல உனக்கு"ன்னு சொல்வாங்க. அவங்க சொல்றதுல பாதி நியாயம். நான் திட்டம் போடல தான். ஆனா திட்டம் போடத் தேவையான தகவலைக் கேம் கொடுத்துச்சா? அடுத்து வரப்போற பிரச்னைக்கு எந்த ஆலோசகர் வேணும்னு முன்கூட்டித் தெரியாது. எந்த எண்ணை எந்த நாளைக்குள்ள எவ்வளவுக்குக் கொண்டு வரணும்னு தெரியாது. ஏற்கெனவே ஒரு தடவை முடிச்சவங்க எழுதி வச்ச கைடைப் படிச்சா எல்லாம் தெளிவா இருக்கு. அதாவது கஷ்டம் யோசிக்கிறதுல இல்ல, முன்னாடியே விடையைப் பாத்திருக்கிறதுல இருக்கு. கஷ்டமா வைங்க, நான் வேண்டாம்னு சொல்லல. மறைச்சு வைக்காதீங்க. சின்ன எழுத்துல நிபந்தனை போடுற லோன் பத்திரத்தைத் திட்டுற அதே வாயால தான் இதையும் திட்டுறேன்.

இதுக்கு ஒரு காரணமும் இருக்குன்னு நினைக்கிறேன். இந்த கிங்மேக்கர் முதல்ல கம்ப்யூட்டர் கேமே இல்ல. 2010-ல பைசோ நிறுவனம் ஆறு புத்தகமா வெளியிட்டது. மேசையைச் சுத்தி நண்பர்கள் உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுற ஆட்டம். அங்க ஆட்டத்தை நடத்த ஒரு மனுஷன் இருப்பான். நீங்க திணறுறதைப் பாத்தா, "சரி, அரக்கர்கள் அடுத்த வாரம் வரட்டும்"னு தள்ளி வைப்பான். கம்ப்யூட்டருக்கு அந்த முகதாட்சண்யம் கிடையாது. ஆட்டோ டெபிட் மாதிரி தான் அது. 5-ம் தேதின்னா 5-ம் தேதி.

இன்னொரு கூட்டம், "ஆப்ஷன்ஸ்ல போய் ராஜ்ஜியத்தை ஆட்டோல போட்டுட்டு கதையை மட்டும் ஆடு"ன்னு சொல்றாங்க. அப்படி ஒரு வசதி இருக்கு. அதைப் போட்டவங்களை நான் கேலி பண்ண மாட்டேன். ஒன்பது மணி நேரம் ஷிப்ட் முடிச்சு, ரெண்டு மணி நேரம் டிராஃபிக்ல வந்து, ராத்திரி ஒரு மணி நேரம் கிடைக்கிறவன் அதுலயும் எக்செல் ஷீட் மாதிரி ஒண்ணைப் பாக்கணும்னு என்ன தலையெழுத்து? ஆனா எனக்கு அது ஒத்து வரல. ராஜா ஆகுறது தான் இந்தக் கேம் தர்ற ஆசையே. அதை ஆட்டோல போட்டா நான் கிரீடம் வச்ச டெலிவரி பாய். எஸ்ஐபியை ஆட்டோல போடலாம், அது நல்லது. எதுக்காகப் போடுறோம், எவ்வளவு கையில வைக்கிறோம்ங்கிறதை ஆட்டோல போட முடியாது.

நடுவுல ஒரு வழி இருக்கு, அதைத்தான் நான் சொல்வேன். சண்டையோட கஷ்டமும் ராஜ்ஜியத்தோட கஷ்டமும் அமைப்புல தனித்தனி. சண்டையை உங்க இஷ்டத்துக்கு வச்சுக்கிட்டு ராஜ்ஜியத்தை மட்டும் கீழ இறக்குங்க. அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. நான் ரெண்டாவது தடவை அப்படித்தான் ஆரம்பிச்சேன். 14 நாள் தாவுற பட்டனைத் தொடுறதுக்கு முன்னாடி எல்லாக் கார்டோட கெடுவையும் ஒரு தடவை பாத்துடுறேன். வாரா வாரம் வர்ற பில்ட் பாயின்ட்டை வந்த உடனே காலி பண்றதில்ல.

ஆவுல்கேட்டும் கத்துக்கிட்டாங்கன்னு தான் தோணுது. 2021-ல வந்த ராத் ஆஃப் த ரைட்டியஸ்ல ராஜ்ஜியத்துக்குப் பதிலா படை நிர்வாகம். அதுவும் எல்லாருக்கும் பிடிக்கல. 2023-ல வந்த ரோக் டிரேடர்ல காலனி நிர்வாகம் ரொம்பவே லேசு. எனக்கு என்னவோ கொஞ்சம் அதிகமாவே லேசாக்கிட்டாங்கன்னு ஒரு வருத்தம். திட்டிக்கிட்டே ஆடின கேம் தான் ஞாபகத்துல நிக்குது, என்ன செய்ய.

இப்போ என் ரெண்டாவது ராஜ்ஜியம் இரண்டாம் வருஷத்துல இருக்கு. அமிரி தலைநகர்ல சும்மா உட்கார்ந்திருக்கா. பக்கத்துலயே நல்ல லாபமான ஒரு வாய்ப்புக் கார்டு கிடக்கு, அவளை அனுப்பினா ராணுவ எண் ஏறும். அனுப்பல. இன்னைக்கு ராத்திரியும் அனுப்பப் போறதில்ல.