பணம் கட்டிய பின்னும் சாவி யார் கையில்?

புது தில்லி: குஜராத் மாநிலம் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையை நடத்தி வருகிறது நயாரா எனர்ஜி நிறுவனம். ரஷியாவின் ரோஸ்நெஃப்ட் இதில் 49.13 சதவீதப் பங்குகளை வைத்திருப்பதால், 2025 ஜூலை 18-ல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட தடைப் பட்டியலில் இந்நிறுவனமும் இடம்பெற்றது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் தனது சேவைகளை நிறுத்தியது. முழுப் பணமும் செலுத்தி உரிமம் பெற்றிருந்தும் தனது சொந்தத் தகவல்களையே அணுக முடியவில்லை என்று தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது நயாரா. அந்த மாத இறுதியில் சேவை மீண்டும் கிடைத்தது. ஆனால், இச்சம்பவம் எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது.

முன்பெல்லாம் மென்பொருள் ஒருமுறை வாங்கினால் நிரந்தர உரிமை. இன்று அது பெரும்பாலும் சந்தா. விஎம்வேர் மென்பொருளுக்கான நிரந்தர உரிம விற்பனையை பிராட்காம் நிறுவனம் 2023 டிசம்பரில் நிறுத்திவிட்டது. தகவல்களுக்குக் காப்பு நகல் எடுத்து வைக்கும் மென்பொருள்களும் இதே பாதையில்தான் செல்கின்றன. கணினிகளின் எண்ணிக்கை, பயன்படுத்துவோரின் எண்ணிக்கை அல்லது சேமிக்கப்படும் தகவலின் அளவு என ஏதேனும் ஒன்றைக் கணக்கிட்டு உரிமக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. மேகக் கணினியில் வைப்பதற்கு மாத வாடகை தனி. வைத்ததைத் திரும்ப எடுப்பதற்கும் பல நிறுவனங்கள் கட்டணம் விதிக்கின்றன.

சந்தா காலாவதியானால் என்ன நடக்கும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுபடும். சிலவற்றில் புதிய நகல் எடுப்பது மட்டும் நின்றுபோகும், பழையதை மீட்கலாம். வேறு சிலவற்றில் குறிப்பிட்ட கெடுவுக்குப் பிறகு தகவல்களே அழிக்கப்படும். மருத்துவமனையோ, கூட்டுறவு வங்கியோ, அரசுத் துறையோ ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டால், இந்த நிபந்தனை கண்ணில் படுவது இடர் நேரும் நாளில்தான்.

தகவல்கள் இந்திய மண்ணிலேயே இருந்தால் போதும் என்று வாதிடுவோர் உண்டு. பணப் பரிவர்த்தனைத் தகவல்களை இந்தியாவில் மட்டுமே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது சரியான நடவடிக்கையே. ஆனால், சர்வர் மும்பையில் இருந்தாலும் உரிமத்தை முடக்கும் அதிகாரம் கடல் கடந்து இருக்குமானால் பயன் என்ன?

உள்நாட்டு நிறுவனங்களுக்கு மாறுவது மட்டுமே தீர்வாகிவிடாது. சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. எனினும், விற்பவர் யாராக இருந்தாலும் சந்தா சந்தாதான். நிறுவனத்தின் பூர்வீகத்தைவிட ஒப்பந்தத்தின் வாசகமே முக்கியம்.

இதில் வழிகாட்டியிருப்பது, நயாராவுக்குத் தடை விதித்த அதே ஐரோப்பிய ஒன்றியம் என்பது விந்தை. 2025 செப்டம்பர் 12 முதல் அமலுக்கு வந்த அதன் தரவுச் சட்டம், வாடிக்கையாளர் தனது தகவல்களுடன் வேறு மேகக் கணினி நிறுவனத்துக்கு மாறும் உரிமையை அளிக்கிறது. அவ்வாறு மாறுவதற்கான கட்டணம் 2027 ஜனவரி 12 முதல் அடியோடு ரத்தாகிறது.

இந்தியாவில் அரசுத் துறைகளுக்கான மேகக் கணினி நிறுவனங்களை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் பட்டியலிடுகிறது. முன்னறிவிப்பின்றிச் சேவையை நிறுத்தக் கூடாது. உரிமம் முடிந்தாலும் குறிப்பிட்ட காலம் வரை தகவல்களை மீட்க அனுமதிக்க வேண்டும். பிற மென்பொருளாலும் திறக்கக்கூடிய வடிவில் நகல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் பட்டியலில் இடம்பெறுவதற்கான நிபந்தனையாக்கப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.

கட்டணம் செலுத்தாதவருக்குச் சேவையை மறுக்க நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. வாடிக்கையாளரின் தகவல்களைப் பிணையாகப் பிடித்து வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஓர் எண்ணெய் நிறுவனத்துக்கு நேர்ந்தது நாளை ஒரு மாநிலத்தின் நிலப் பதிவேடுகளுக்கு நேரும் முன் மத்திய அரசு விழித்துக்கொள்ள வேண்டும்.